சிவப்புக் கோட்டுக்காரியைக் கொன்றது யார்

என் வீட்டுக்காரர் வாயால் பிழைத்தவர். பெயரை நான் சொல்ல மாட்டேன். திருச்சுழியில் ‘ராஜகுரு எலெக்ட்ரிக்கல்ஸ்’ என்று பலகை தொங்குகிறது, படித்துக்கொள்ளுங்கள். எரிந்துபோன மோட்டார்கூட அடுத்த வாரம் ஓடிவிடும் என்று பேசியே நம்ப வைப்பார். பங்குனியில் ஒரு வியாழக்கிழமை கடையிலேயே விழுந்தார். பக்கவாதம். வலது கை போனது, அந்த வாயும் போனது. மூன்று மாதமாக எதைக் கேட்டாலும் ‘ஆமா’ ஒன்றுதான் வருகிறது. பசிக்குதா? ஆமா. வயிறு நிறைஞ்சிருச்சா? ஆமா. நான் யாரு? அதற்கும் ஆமா.

மதுரையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள்: “அவங்க சொல்லணும்னு தவிக்கிற விஷயம் ஏதாச்சும் இருந்தா அதைப் பிடிச்சு இழுங்கம்மா. முதல் ஆறு மாசந்தான் முக்கியம்.”

அப்படி ஒன்று இருந்தது. அவர் எனக்குச் சொல்லாமல் விட்ட ஒரு கொலைகாரனின் பெயர்.

கல்யாணத்துக்கு முன்னால் நான்கு வருடம் இத்தாலிக்காரர் கப்பலில் இருந்தவர் அவர். மற்றவர்கள் தங்கம் கொண்டுவந்தார்கள். இவர் பெட்டி நிறையப் பட டிஸ்க்குகளைக் கொண்டுவந்தார். எல்லாம் இத்தாலிக் கொலைப் படங்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் அவர் கதை சொல்லச் சொல்ல நான் பார்ப்பேன். கொலை செய்கிறவன் முகம் கடைசிவரை தெரியாது, கறுப்புத் தோல் கையுறைதான் தெரியும். சாகப்போகிறவள் சிவப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு, நீல வெளிச்சத்தில், சுழல் படிக்கட்டில் கல்யாணப் பெண் மாதிரி ஏறுவாள். நம் பக்கத்து வெட்டுக்குத்துக்கு இத்தனை அலங்காரம் கிடையாது.

அந்த ஊர்ப் பெயர்கள் என் வாயில் நுழையாது. அதனால் எல்லாருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள் பெயரையே வைத்துவிடுவார். துப்புத் துலக்கும் போலீஸ்காரர் வெள்ளத்துரைச் சித்தப்பா. சிவப்புக் கோட்டுக்காரி தங்கச்செல்வி. அவளோடு வருகிறவனைக் காட்டி, “அவ இவனுக்கு முறைப்பொண்ணு. தாய்மாமன் கட்டிக் குடுக்க மாட்டேன்னுட்டான். அதுலருந்து பகை” என்பார். இத்தாலியிலும் தாய்மாமன் வம்பு இருக்கிறதே என்று எனக்கு ஆறுதலாக இருக்கும். படத்தின் முடிவில் பிடிபடுகிறவன் வெறும் ஏவலாள், ஏவிவிட்டவர் வேறு யாரோ என்பது எப்போதும் அவர் கட்சி. அந்த ஆள் யார் என்று கடைசியில்தான் உடைப்பார். முக்கால் படத்தில் நிறுத்திவிடுவார்.

“யாருன்னு யோசிச்சு வையி மாரிக்கனி. அடுத்த ஞாயித்துக்கிழமை சொல்றேன்.”

அப்படி ஒரு படத்தை நிறுத்திய நான்காம் நாள்தான் விழுந்தார்.

ஆனியில் மகள் பிரவீணா மதுரையிலிருந்து வந்தபோது அந்தப் படத்தைப் போடச் சொன்னேன். அவரை நாற்காலியில் தலையணை வைத்து உட்கார்த்தினோம். திரையில் அந்தப் படிக்கட்டு வந்ததும் அவர் கண் விரிந்தது. இடது கை என் கையைப் பிடித்துக்கொண்டது. சொல்லிவிடுவார் என்று நம்பினேன்.

“கீழே இங்கிலீஷ்ல எழுத்து போட்டுக்கலாம்மா. நான் படிச்சுச் சொல்றேன்” என்றாள் பிரவீணா. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு வசதி இருப்பதே எனக்குத் தெரியாது.

“இந்தம்மா துணிக்கடை ஓனரு. இந்தாளு அவ புருசன்.”

“புருசனா? ஏட்டி, அது தங்கச்செல்வி. அவன் அத்தை மகன். இன்னும் கல்யாணமே ஆகல.”

“இல்லம்மா, டைவர்ஸ் கேட்டுக்கிட்டு இருக்கா.”

“வெள்ளத்துரைச் சித்தப்பா என்ன சொல்றாரு?”

“யாரு, இந்தத் தொப்பிக்காரரா? அவரு போலீசே இல்லம்மா. பல் டாக்டரு.”

நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

கப்பலின் அடித்தளத்தில் நான்கு வருடம் தட்டுக் கழுவிய மனுஷனுக்கு இத்தாலி பாஷை எங்கிருந்து வரும்? இருபத்து மூன்று வருடமாகப் படத்தைப் பார்த்துப் பார்த்து அவராகவே கதை விட்டிருக்கிறார். என் காதில் பூச் சுற்றவில்லை, பூக்கடையே வைத்திருக்கிறார். “அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு!” என்று கத்தினேன். கோபம் வந்தது, பாதியிலேயே சிரிப்பும் வந்தது.

படம் முடிந்ததும், “பல் டாக்டருதான்மா கொன்னது” என்றாள் பிரவீணா, வேலை முடிந்த மாதிரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரோ ஒரு பல் டாக்டர் யாரையோ கொன்றால் எனக்கென்ன? தங்கச்செல்வியின் கதை இந்த டிஸ்க்கில் இல்லை. எந்த டிஸ்க்கிலும் இல்லை. அது இவர் ஒருவருக்குள்தான் இருக்கிறது.

எழுத்தை எடுக்கச் சொல்லிவிட்டு, கடைசிப் பாகத்தை மறுபடி ஓட்டச் சொன்னேன். அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தேன்.

“நீங்க சொல்லுங்க. ஏவிவிட்டது யாரு? அத்தை மகனா?”

“ஆமா.”

“தாய்மாமனா?”

“ஆமா.”

“வெள்ளத்துரைச் சித்தப்பாவேதானா?”

“ஆமா.”

ஒவ்வொரு ஆமாவுக்கும் தலை மட்டும் இல்லை இல்லை என்று ஆடியது. கண்ணீர் தாடியில் இறங்கியது. போதும் என்று நான் எழுந்திருக்கப் போனபோது இடது கையைத் தூக்கினார். பிரவீணா படத்தை நிறுத்தினாள்.

திரையில் சவ ஊர்வலம். கூட்டத்தின் ஓரத்தில் பூக்கூடையோடு ஒரு கிழவி நின்றாள். படம் முழுக்க அவளுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாது. அவர் விரல் அவளை நோக்கி நின்றது.

“இவளா? இந்தப் பூக்காரியா?”

அவர் தலையை மேலும் கீழும் அசைத்தார்.

“அப்பா!” என்று பிரவீணா கையைத் தட்டினாள். எனக்கு இழுக்க வேண்டிய நேரம் இதுதான் என்று தோன்றியது.

“தங்கச்செல்விக்கு இவ என்ன முறைங்க? எதுக்குக் கொல்லச் சொன்னா?”

அவர் வாய் திறந்தது. உதடு துடித்தது, கழுத்து நரம்பு புடைத்தது. அந்தக் கிழவி பிறந்தது, வாழ்க்கைப்பட்டது, வஞ்சம் வைத்தது எல்லாம் அவர் கண்ணில் வரிசையாக வந்து நிற்பதை நான் பார்த்தேன். அவர் இவ்வளவு பாடுபட்டு எதையும் சொல்ல முயன்று நான் பார்த்ததில்லை. தொண்டையிலிருந்து ‘ஆ’ என்று சத்தம் கிளம்பியது. அது ‘ஆமா’வாக முடிவதற்குள் அவரே இடது கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் அந்தக் கையை எடுத்துவிடவில்லை. கிழவி யாரென்று அவருக்குத் தெரியும். நான் அவர் முழங்காலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத்தான் தெரியாது.