ஆயிரத்தெட்டு முடியும்வரை

அன்று காலை காபிப்பொடிக் கடைக்குள் இருந்தவர்கள் நான்கே பேர். கடைக்காரர் ஜம்புநாதன், அவர் மனைவி ஷியாமளா, மகள் சுபிக்ஷா, பார்க்க வந்த வெங்கட்ராமன். நேரில் பார்த்ததாகச் சொல்லும் மற்றவர்கள் யாரும் உள்ளே இல்லை.

ஜம்புநாதன் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் முப்பத்தி நாலு வருஷம் ஒரு மெமோ வாங்காமல் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்றதும் பவானிபூரில் கடை போட்டார். விடிந்ததும் குளித்து, பஞ்சகச்சம் கட்டி, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து நூற்றெட்டு முறை ஸ்ரீராமஜயம் எழுதுவார். எழுதி முடிக்கும்வரை மௌனம். முடித்த பிறகுதான் ஷட்டர் ஏறும். அப்போதெல்லாம் ஏழு மணிக்கே ஏறியது.

பத்து வருஷம் எந்தக் குறையும் இல்லை. பிறகு தெருமுனையில் பாக்கெட் காபி வந்தது, வியாபாரம் படுத்தது. ஜபம் போதவில்லை என்று அவருக்குத் தோன்றியது. நூற்றெட்டை ஐந்நூறாக்கினார், ஐந்நூறை ஆயிரத்தெட்டாக்கினார். வியாபாரம் இறங்க இறங்க எண்ணிக்கை ஏறியது. எண்ணிக்கை ஏற ஏற ஷட்டர் ஒன்பது மணிவரை இறங்கியே கிடந்தது. இரண்டுக்கும் உள்ள தொடர்பை சுபிக்ஷா ஒருநாள் சாப்பாட்டு வேளையில் எடுத்துச் சொன்னாள். பாதி தமிழிலும் பாதி வங்காள மொழியிலும் சொன்னதால், அதைப் பெரியவர்களிடம் பேசும் முறையாக அவர் ஏற்கவில்லை.

கடையில் அரைக்கும் மெஷின் ஓடியதே வெங்கட்ராமன் நடத்திய மெஸ்ஸின் ஆர்டரால்தான். அது நின்றால் கடை நிலைக்காது. வீட்டில் மூவருக்கும் இது தெரியும்.

அன்று எட்டே முக்காலுக்கு ஷட்டரைத் தட்டியவர் அந்த வெங்கட்ராமனே. சுபிக்ஷா அதை இடுப்பளவு தூக்க, அவர் தன் பருத்த உடம்பை மடித்து நுழைந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். நோட்டில் இன்னும் நூற்று அறுபது பாக்கி இருந்தது. ஜம்புநாதன் நிமிர்ந்து கைகூப்பினார், பேனாவையும் சேர்த்து. பிறகு குனிந்துகொண்டார்.

ஷியாமளா காபி கொடுத்தாள். வந்தவர் கோபித்துக்கொள்ளக் கூடாதே என்று வெயிலைப் பற்றி, மெட்ரோ கூட்டத்தைப் பற்றி, தெரிந்ததையெல்லாம் பேசினாள். பேச்சும் தீர்ந்தது. கணவரின் காதருகே குனிந்தாள்.

"ஏன்னா, இன்னிக்கு ஒருநாள் வாயைத் திறங்கோ. ராமர் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டார்."

அவர் ஒரு விரலை உயர்த்தினார். ஜபத்தை முறித்துப் பேசினால் ஆர்டர் கையைவிட்டுப் போகும், முடித்துவிட்டால் கையிலேயே இருக்கும் என்று அவர் மனம் அடித்துச் சொன்னது. முத்து முத்தாக எழுதும் கை கிறுக்க ஆரம்பித்தது. ராமன் பெயரை இப்படிக் கோழி கிளறினாற்போல எழுதுகிறோமே என்று கூசினார். இருந்தும் நிறுத்தவில்லை. தொண்ணூறு. அறுபது. இருபது.

கடைசி வரியை முடித்துத் தலை நிமிர்ந்தபோது ஸ்டூல் காலியாக இருந்தது. சுபிக்ஷா சுவரைப் பார்த்தபடி, "இப்பதான் போனார்," என்றாள்.

ஜம்புநாதன் ஓடினார். செருப்பில்லை, கையில் மூடாத பேனா. மீன் கூடைகளைத் தாண்டி, ஆட்டோக்களுக்கு நடுவே, எழுபத்தோரு வயதில் ஓடினார். மெட்ரோ படியில் வெங்கட்ராமனின் முழங்கையைப் பிடித்துவிட்டார். விலையில் ஒரு ரூபாய் இறங்காதவர் என்று பெயர் எடுத்த மனிதர், நடுத்தெருவில் கேட்டார்:

"என்ன விலை வேணுமோ நீங்களே போட்டுக்கோங்கோ."

"மூச்சு வாங்கிக்கோங்கோ மாமா. நான் விலை பேச வரலை. போன வாரமே வேற இடத்துக்குக் கொடுத்தாச்சு. பதினோரு வருஷம் உங்க காபி குடிச்சிருக்கோம், நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"பொடியில ஏதாவது குறையா?"

"பொடியை யார் குறை சொன்னா? எங்க ஆள் ஏழரைக்கு வந்து ஷட்டரைத் தட்டியிருக்கான். ஒருநாள் இல்லை, மூணு நாள். உள்ளே லைட் எரியறதாம், யாரும் திறக்கலையாம். அறுபது பேர் காபி இல்லாம ஆபீஸ் போனா மாமா."

அந்தத் தட்டல்கள் ஜம்புநாதனுக்கு நினைவிருந்தன. மூன்று நாளும் அவற்றைச் சோதனை என்று எண்ணினார். மனம் சிதறக் கூடாது என்று பேனாவை இன்னும் அழுத்திப் பிடித்து எழுதினார். தட்டியது யார் என்று இப்போதுதான் தெரிந்தது.

வெங்கட்ராமன் குனிந்து அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். ஜம்புநாதன் நடந்தே திரும்பினார். ஷட்டர் முழுக்க ஏறியிருந்தது. வாங்க ஒருவரும் இல்லை. மாதக் கடைசியில் அரைக்கும் மெஷினை ஹவுராவிலிருந்து வந்த ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

ஜம்புநாதனுக்குப் பக்தி முற்றிப் பைத்தியம் பிடித்துவிட்டது, வேஷ்டி அவிழ்ந்தது தெரியாமல் தெருவில் ஓடினார் என்று எதிர்ச்சாரி மிட்டாய்க்கடையில் சொல்கிறார்கள். பொய். அவர் ஓடியது ஆர்டருக்காக, முழுப் புத்தியோடு. பஞ்சகச்சம் ஓடினால் அவிழாது.