குழாயை மூடினேனா

பிப்ரவரி 19, புதன்

இன்று ஹோஸை ஒட்டுப்போடத் தவறான அளவில் ஜாயின்ட் வாங்கி வந்துவிட்டேன். நான் வாங்கியது பன்னிரண்டு மில்லிமீட்டர். பொதுத் தோட்டத்து ஹோஸ் பதினெட்டு. இந்த ஊரில் எல்லார் வீட்டுப் பின்கட்டிலும் கிடப்பது பன்னிரண்டுதான், கை தானாக அதை எடுத்துவிட்டது. கடைக்காரர் நெவில், "அளந்துட்டுத்தானே வந்தே?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அளக்கவில்லை. எதற்காக ஜாயின்ட் வாங்குகிறேன் என்பது ஊருக்கே தெரியும் என்பதால் சீக்கிரம் வெளியே போனால் போதுமென்று இருந்தது.

மாலைத் தோட்டக்கலை வகுப்பில் குறிப்பேடு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், கடைசியில் மறுநாள் வேலையைக் குறிக்க வேண்டும். ஒரு வாரமாக நான் எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது. வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

போன புதன்கிழமை சாயங்காலம் என் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். மறுநாள் காலையில் வகுப்புத் தோழி ரெனே போன் செய்தாள், அவளுக்கும் அங்கே பாத்தி உண்டு. குழாய் திறந்தபடி கிடந்ததாம், ஹோஸ் முனையில் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கி மட்டும் மூடியிருந்ததாம், ராத்திரியெல்லாம் அழுத்தம் ஏறி வெயில் வந்ததும் ஹோஸ் வெடித்துவிட்டதாம். இங்கே பிப்ரவரிக் கோடையில் ஆண்டுதோறும் யாராவது ஒருவர் செய்யும் தப்புதான் அது. துப்பாக்கியின் விசையை விட்டால் தண்ணீர் நின்றுவிடும், குழாயையும் மூடிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவோம். நாற்பத்து மூன்று டிகிரி வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

நான் குழாயை மூடினேனா? மூடியதாகத்தான் நினைவு. ஆனால் அது புதன்கிழமை நினைவா, அதற்கு முந்தின நாளின் நினைவா என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியாது. அதனால் தோட்டக் கமிட்டியில் "நான்தான்" என்று சொல்லிவிட்டேன்.

தோட்டத்துக்கு இருப்பது அந்த ஒரே ஹோஸ். தண்ணீர்க் கட்டுப்பாடு நடக்கும் வருடம் இது. இனி ஒரு கசிவு என்றால் இணைப்பையே துண்டிப்போம் என்று நகராட்சி எச்சரித்திருக்கிறது. ஆகவே குழாயைத் திறந்துவிட்டுப் போனவர் தோட்டக் கேட்டின் சாவியை இழப்பார் என்பது தோட்டத்தின் விதி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். நான் குடியிருப்பது சலவைக்கடைக்கு மேலே ஒரு அறை, ஒரு தொட்டி வைக்கக்கூட இடமில்லை. அந்தப் பாத்திதான் என் வகுப்புத் தேர்வும். சாவி போனால் பாத்தியும் போகும், வகுப்பும் போகும்.

நாளைய வேலை: ஜாயின்டைப் பதினெட்டுக்கு மாற்ற வேண்டும். முதலில் அளக்க வேண்டும்.

பிப்ரவரி 20, வியாழன்

மாற்றிவிட்டேன். நெவில் மாற்றிக் கொடுத்தார், நான் கதவைத் தாண்டியதும் சிரித்தார்.

வகுப்புக்கு எப்போதும்போல ரெனேயின் வண்டியில் போனேன். திங்களும் வியாழனும் அவள்தான் என்னை ஏற்றிக்கொண்டு போவாள். ஆறு மணிக்கு மேல் அந்தப் பக்கம் பஸ் கிடையாது. தின்றுகொண்டிருந்த இறைச்சி பேஸ்ட்ரியில் பாதியைப் பிட்டு எனக்குக் கொடுத்தாள்.

"என்னடி, ஜாயின்டைத் தப்பா வாங்கிட்டியாமே?"

"மாத்திட்டேன்."

"குழாயைத் திறந்துபோட்டுட்டுப் போறவ அளவு மட்டும் சரியா வாங்கிடுவாளாக்கும்."

சிரித்தேன். அவள் சொன்னால் கோபம் வராது. முதல் நாள் வகுப்பில் யாரும் என்னோடு பேசாதபோது, "டீகன், இங்க வாடி, இந்த நாற்காலில முள் இல்ல" என்று கூப்பிட்டவள் அவள்.

"ஒண்ணு சொல்றேன், கேளு" என்றாள். "அந்தப் பழசை ஏன் கட்டிக்கிட்டு அழறே? புதுசே வாங்கிடலாம். என் பங்குக்கு நானும் தரேன். பழசை நானே குப்பைக்கிடங்குல போட்டுட்டு வந்துடறேன்."

"இல்லடி. நான் கெடுத்ததை நானே சரிபண்ணினேன்னு கூட்டத்துல சொல்லணும்."

"உன் இஷ்டம்" என்று ரேடியோவைக் கூட்டினாள். எவ்வளவு நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன்.

நாளைய வேலை: பாத்திக்கு வாளியில் தண்ணீர். பீன்ஸில் எது பிழைக்கும் என்று பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 22, சனி

நேற்று எழுதவில்லை. பீன்ஸ் முழுக்கப் போய்விட்டது. தக்காளியில் இரண்டு செடி நிற்கிறது.

இன்று காலையில் கத்தி, வெந்நீர்க் குடுவை, ஜாயின்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். கொட்டகை ஆணியில் ஹோஸ் அழகாகச் சுருட்டி மாட்டியிருந்தது. ரெனே சுருட்டி வைத்தது. அன்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. நானும்தான். பார்க்கவே பிடிக்கவில்லை.

வேலையை வகுப்பில் சொன்ன வரிசைப்படி செய்தேன். கெட்ட பகுதிக்கு இரு பக்கமும் நேர்க்கோட்டில் வெட்ட வேண்டும். சாய்த்து வெட்டினால் கசியும். வெட்டிய துண்டு கையில் ஒரு சாண் நீளம் இருந்தது. வெட்டிய முனையை வெந்நீரில் நனைத்து, இளகியதும் ஜாயின்டின் பல்வரிசைமேல் கடைசி வரை திணித்தேன். திணித்த பிறகுதான் நட்டை முதலில் ஹோஸில் கோக்க மறந்தது தெரிந்தது. இழுத்தால் வரவில்லை. மறுபடி வெட்டி, நட்டைக் கோத்து, நனைத்துத் திணித்தேன். மறு முனையையும் அப்படியே மாட்டி, நட்டுகளை முறுக்கினேன். குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டுக்கூட இல்லை.

அந்தச் சந்தோஷத்தில் குந்தியபடியே வெட்டிப்போட்ட துண்டை எடுத்துப் பார்த்தேன். வெடித்த ஹோஸ் எப்படியிருக்கும் என்று வகுப்பில் காட்டியிருக்கிறார்கள். தவளை வயிறு மாதிரி உப்பி, நீளவாக்கில் கிழிந்திருக்கும். இது எங்கேயும் உப்பவில்லை. குறுக்காக, பக்கத்தில் பக்கத்தில், ஏதோ கடித்ததுபோல் வெட்டுகள். ஓரங்கள் உரசி உருகியிருந்தன. ஒரு வெட்டுக்குள் ஆரஞ்சு நிறத்தில் நைலான் நரம்புத் துணுக்கு ஒன்று சிக்கியிருந்தது.

புல் செதுக்கும் மெஷினில் சுற்றும் நரம்பு. கொட்டகை மெஷினில் இருப்பது பச்சை. ஆரஞ்சு நரம்பு ரெனே அப்பாவுடைய மெஷினில் இருக்கும். அந்தப் புதன்கிழமை பாதையோரப் புல் வெட்டுவது அவளுடைய முறை.

உடனே என்மேல்தான் சந்தேகம் வந்தது. வேறு நாளில் பட்ட வெட்டாக இருக்கலாம், பக்கத்திலேயே வெடித்தும் இருக்கலாம் என்று ஹோஸ் முழுவதையும் விரித்து ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிப் பார்த்தேன். வேறு எங்கும் ஒன்றுமில்லை.

அப்போது ரெனே வந்தாள். கண்காட்சிக்கு அவள் வளர்க்கும் பூசணிக்குத் தண்ணீர் ஊற்ற இரண்டு கையிலும் கேன். மார்ச்சில் கண்காட்சி. பூசணி இப்போதே தள்ளுவண்டியில் அடங்காது. என் கையிலிருந்த துண்டைப் பார்த்ததும் கேன்களைக் கீழே வைத்தாள்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்றாள்.

"எப்போ?"

"கண்காட்சி முடிஞ்சதும்."

துண்டை அவள் பக்கம் நீட்டினேன். அவளே தொடர்ந்தாள்.

"போன மாசம் கேட்டைச் சாத்தாம விட்டு, கங்காரு வந்து கீரை எல்லாத்தையும் மேஞ்சிட்டுப் போச்சே, ஞாபகம் இருக்கா? அப்பவே எனக்கு ஒரு எச்சரிக்கை. இப்ப புல் வெட்டும்போது மெஷின் ஹோஸ்மேல ஏறிடுச்சு, இது ரெண்டாவதுடி. எனக்குன்னா சாவியைப் பிடுங்கிடுவாங்க, பேச்சே கிடையாது. உனக்குன்னா பாவம் பார்த்து விட்டுடுவாங்கன்னு நினைச்சேன்."

"குழாய் திறந்திருந்ததா?"

"அதை விடேன்."

"ரெனே, நான் குழாயை மூடினேனா, இல்லையா?"

அவள் பூசணியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "மூடிட்டுத்தான் போயிருந்தே. எப்பவும்போல இறுக்கமா. வெடிச்ச மாதிரி காட்டணும்னு அதைத் திறக்கவே எனக்குக் கை வலிச்சுது."

"அப்புறம் ஏன் என் பேரைச் சொன்னே?"

"வேற யார் பேரைச் சொன்னாலும் சண்டைக்கு வருவாங்க. நீ வரமாட்டே. நீயே உன்மேல சந்தேகப்படுவே. ரொம்பச் சுலபமா இருந்துதுடி."

இதை அவள் திமிராகச் சொல்லவில்லை. சாதாரணமாகச் சொன்னாள். ஒரு வாரமாக நான் தூங்குவதற்கு முன் அந்தக் குழாயை மனசுக்குள் எத்தனையோ தடவை மூடிப் பார்த்திருக்கிறேன். அறையிலிருக்கும் குழாயைக்கூட எழுந்துபோய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து படுத்திருக்கிறேன். அதையெல்லாம் வண்டியில் அவளிடம்தான் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே ஓட்டினாள்.

"நாளைக்கு நீயே சொல்லிடு" என்றேன்.

"சரி" என்றாள்.

நாளைய வேலை: கூட்டம். துண்டைக் கையோடு எடுத்துப்போக வேண்டும். அவள் சொல்லிவிட்டால் பையிலிருந்து எடுக்க வேண்டாம்.

பிப்ரவரி 23, ஞாயிறு

கூட்டத்துக்கு வழக்கம்போல ஆளுக்கொரு தட்டு. நான் வெள்ளரிக்காய் சாண்ட்விச், ரெனே லாமிங்டன் கேக். தலைவி கிளெனிஸ் கெட்டிலை வைத்துவிட்டு, வணக்கம்கூடச் சொல்லாமல் ஆரம்பித்தார்.

"டீகன், ஓட்டெடுப்பெல்லாம் வேணாம், நீயே சாவியைக் கொடுத்துடறேன்னு சொன்னியாமே. ரெனே வெள்ளிக்கிழமையே வந்து சொன்னா. பெரிய மனசும்மா உனக்கு."

வெள்ளிக்கிழமை. அப்படியென்றால் நேற்று அவள் "சரி" என்று சொல்லும்போதே இதைச் செய்து முடித்திருந்தாள்.

ரெனேயைப் பார்த்தேன். கேக்மேல் சுற்றிய பிளாஸ்டிக் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அப்படிச் சொல்லல" என்றேன்.  "குழாயை நான் மூடிட்டுத்தான் போனேன். ஹோஸ் வெடிக்கவும் இல்ல." துண்டை எடுத்து சாண்ட்விச் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பின்வரிசையில் ஒருவர், "போன வாரம் நீதானேம்மா ஒத்துக்கிட்டே? இப்ப யாரைப் போட்டுக்கொடுக்கப் போறே?" என்றார். இந்த ஊரில் ஹோஸை உடைத்தவரை மன்னித்துவிடுவார்கள், போட்டுக்கொடுத்தவரை மன்னிக்க மாட்டார்கள். அது எனக்கும் தெரியும்.

"யாருன்னு நான் சொல்லல. நான் இல்லன்னுதான் சொல்றேன்."

ரெனே தலை நிமிராமல் சொன்னாள்: "இவ எப்பவும் இப்படித்தான். ஒரு நாள் நான்தான்னுவா, மறுநாள் நானில்லன்னுவா. இவளுக்கே தெரியாது."

எல்லாரும் சிரித்தார்கள். கெட்டில் கொதித்து அடங்கும்வரை நான் மேசையில் இருந்த துண்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். இந்தத் தடவை எனக்குச் சந்தேகம் வரவில்லை.

கிளெனிஸ் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு துண்டை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் அந்த ஆரஞ்சுத் துணுக்கைக் கிளப்பி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். அப்படியே வெளியே போனார். கேட்டுக்கு வெளியே ரெனேயின் வண்டி நின்றிருந்தது. பின்தட்டில் அவள் அப்பாவின் மெஷின் வெயிலில் கிடப்பது ஜன்னல் வழியாக எல்லாருக்கும் தெரிந்தது. அவர் திரும்பி வருவதற்குள் யாரும் கேக்கைத் தொடவில்லை.

"டீகன் சாவி டீகன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். பிறகு ரெனேயிடம், "உன்னோடதை மேசைல வை."

ரெனே வைத்தாள். தட்டை எடுத்துக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது, "போட்டுக்கொடுக்காமலே கொடுத்துட்டே, கெட்டிக்காரிதான்" என்றாள் மெதுவாக. வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

டீ ஊற்றும்போது கிளெனிஸ் கேட்டார், "அப்போ அந்தப் பூசணிக்கு யாரும்மா தண்ணி விடறது? கண்காட்சிக்குத் தோட்டத்துப் பேர்லதான் போகுது அது." எல்லாரும் கோப்பைக்குள் பார்த்தார்கள். அதற்குப் பக்கத்துப் பாத்தி என்னுடையது.

சாவி என்னிடம்தான் இருக்கிறது. பையில் இருக்கிறதா என்று வரும் வழியில் இரண்டு தடவை பார்த்தேன்.

நாளைய வேலை: குழாய் முனையில் வாஷர் தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். பதினெட்டு மில்லிமீட்டர். காலை பத்து மணிக்குள் தக்காளிக்கும் பூசணிக்கும் தண்ணீர். குழாயை மூட வேண்டும். சாயங்காலம் வகுப்பு. சைக்கிளுக்குக் காற்றடிக்க வேண்டும்.