கோதெம்பாவில் பத்து நிமிடம்

இஷாக் பிரியாணி தேக்சாவின் மூடியைச் சாய்த்து, கரண்டிக் காம்பால் மேல்சோற்றை ஒதுக்கிப் பதம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஷாஹினா காலி வாளியோடு வந்து நின்றாள். பந்திக்குத் தால்ச்சா கேட்கவில்லை. வாளியைக் கீழே வைக்கவும் இல்லை.

“ஜப்பான்ல அந்தப் பனிமலைய யாருமே பாக்கலையாமே, மச்சான்?”

அவர் மூடியைத் திரும்ப வைத்தார்.

“ஒங்ககூட வந்த ஸ்ரீமதி டீச்சர் சொல்றாங்க. மூணு நாளும் மேகமாம். முப்பத்திரண்டு பேருல ஒருத்தர் கண்ணுலயும் படலையாம். எங்க வீட்டுக்காரரு பாத்தாருன்னு சொன்னேன். பந்தியே சிரிச்சிருச்சு.”

மண்டபத்துக்குள் மைக் கரகரத்தது. நவம்பரில் ஜப்பான் போய்வந்தவர்கள் குடும்பத்தோடு கூடும் விருந்து அது. கூட்டிப்போனவன் பிராங்க்ளின். திண்டுக்கல்லிலும் சின்னாளபட்டியிலும் ஆள் சேர்த்து, வருஷத்துக்கு இரண்டு முறை வெளிநாடு அழைத்துப்போகிறவன். எங்கே போனாலும் கூடவே சமையலுக்கு ஒருவரைக் கூட்டிப்போவான். பத்து நாள் பச்சை மீனையும் குச்சியையும் வைத்துக்கொண்டு நம் ஆட்களைச் சமாளிக்க முடியாது என்பது அவனுக்குத் தெரியும். பேகம்பூர் இஷாக்குக்குப் பிரியாணியும் வரும், வெங்காயம் போடாத பொங்கலும் வரும்.

அப்படித்தான் அவர் ஜப்பானைப் பார்த்தார். மற்றவர்கள் தங்கக் கோயிலைச் சுற்றி வந்தபோது அவர் தங்கும் விடுதியில் எலுமிச்சைச் சோற்றைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். மலைமேல் ஆயிரக்கணக்கில் சிவப்பு வாசல்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் முதல் வாசல்வரை போனார். சாப்பாட்டுப் பெட்டிகள் பஸ்ஸில் இருந்ததால் திரும்பிவிட்டார். நாராவில் ஒரு மான் வந்து அவர் சட்டையை முகர்ந்து, பட்டை கிராம்பு வாசனையில் தும்மிவிட்டுப் போனது. இதையெல்லாம் அவர் வந்த அன்றே ஷாஹினாவிடம் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் விட மலையைப் பற்றித்தான் அதிகம் சொன்னார். அவளும் தையல் வகுப்பில், தெருவில், தண்ணீர் பிடிக்கும் இடத்தில் சொல்லிவிட்டாள்.

“நீங்க சாப்டாம சாப்டேன்னு சொல்லுவீங்க, அது எனக்குத் தெரியும்” என்றாள் இப்போது. “முப்பது வருஷமா பாக்குறேன். வந்து உக்காந்ததும் ரெண்டு சொம்புத் தண்ணி குடிப்பீங்க, அதுலயே தெரிஞ்சுரும். இதுல எனக்கு ஒண்ணும் தெரியல.”

“பாத்தேன்.”

“அப்ப அவங்க?”

இஷாக் அடுப்பின் கங்குகளைத் தள்ளிவிட்டார். பதில் அந்தக் கேள்விக்குள்தான் இருந்தது. இரண்டு மாதமாக அவர் அதைத் தொடாமல் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில், கோதெம்பா என்ற ஊரில் கடைசி நாள். கீழே சமையலறை, மேலே அறைகள். விடியுமுன் எழுந்து அரிசியை ஊறவைத்தார். தண்ணீர் விரல்களைக் கடித்தது. தொழும் திசைக்காகப் போனில் கிப்லா பார்த்தார். மேற்கே, கொஞ்சம் வடக்கே சாய்ந்து காட்டியது. பின்பக்கம் காய்கறி வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து அதில் பஜர் தொழுதார். தொழுகையை முடித்துச் சலாம் கொடுக்கும்போது எதிரே இருட்டு மட்டும்தான். தஸ்பீஹ் ஓதியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். முதுகுப்புறம் வெளுக்கத் தொடங்கியது. எதிரே மேகக் கூட்டம் தெரிந்தது. மூன்று நாளாகப் பார்த்த அதே மேகம். பிறகு அதற்கும் மேலே, வானம் என்று நினைத்திருந்த இடத்தில், ஒரு விளிம்பு சிவந்தது. விளிம்பு அகன்று பனியானது. அவர் அவ்வளவு நேரமும் அதை நோக்கித்தான் உட்கார்ந்திருந்தார்.

போன் உள்ளே சார்ஜரில் கிடந்தது. கால் எழவில்லை. அது பொய்யில்லை. ஆனால் வாயைத் திறக்கக் கால் தேவையில்லை. மாடியில் முப்பத்திரண்டு பேர், இதற்காகவே வந்தவர்கள், ஒரு சத்தத்துக்கு எழுந்து வந்திருப்பார்கள். பத்து நிமிடம் இருந்திருக்கும். அந்தப் பத்து நிமிடமும் அவர் பாத்திரம் இல்லாத, பொட்டலம் இல்லாத ஒரு மனிதராக இருந்தார். மேகம் மூடிய பிறகுதான் அரிசி நினைவு வந்தது. அவர்கள் நினைவு அதற்கும் பிறகு.

ஏழு மணிக்குக் கீழே வந்த பிராங்க்ளினிடம் சொன்னார். அவன் சமையலறைக் கதவைச் சாத்தினான்.

“பாய், ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன், யார்ட்டயும் மூச்சு விட்றாதீங்க. ஏன் எழுப்பலன்னு என்னையத்தான் கேப்பாங்க. ஏப்ரல் டிரிப்புக்கும் நீங்கதான், சரியா?”

இதையெல்லாம் இப்போது ஷாஹினாவிடம் அவர் சுருக்கிச் சொன்னார். தேக்சாவின் விளிம்பில் தம் போட ஒட்டியிருந்த மாவைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். ஷாஹினா கேட்டு முடித்து, வாளியை அப்போதுதான் கீழே வைத்தாள்.

“ஓரத்துல ஒரு பெரியவர் உக்காந்திருக்காரு. கைத்தடி வச்சிக்கிட்டு. ஸ்க்ரீன்ல அந்த மேகத்தக் காட்டுறப்ப சோத்துல கைய வச்சிக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தாரு.”

“ஆவுடையப்பன் அய்யா.”

“அவருகிட்டயாச்சும் சொல்லிருங்க.”

ஆவுடையப்பன் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அந்த மூன்று நாளும் பஸ்ஸில் ஜன்னலைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை கறுத்துப்போனது. “இந்த முட்டிய வச்சிக்கிட்டு இன்னொருவாட்டி வர ஏலாது பாய்” என்று கடைசி நாள் பொங்கல் வாங்கும்போது சொன்னார். அன்று காலை, அந்தப் பொங்கலை, இஷாக் அவருக்கு ஒரு கரண்டி கூடுதலாக வைத்தார்.

உள்ளே போய்க் குனிந்து, “அய்யா, செத்த நேரம் பின்பக்கம் வாரீகளா?” என்றார்.

“என்ன பாய், நல்லி எலும்பு ஒளிச்சு வச்சிருக்கீகளா?” கை கழுவாமலே எழுந்து வந்தார்.

ஷாஹினா ஒரு நாற்காலியைத் தள்ளினாள். அவர் உட்காரவில்லை. இஷாக் சொல்லத் தொடங்கினார். அட்டைப்பெட்டி, மேகம், பனி, சத்தம் போடாதது. ஆவுடையப்பன் கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

“எம்புட்டு நேரம்?”

“பத்து நிமிஷம் இருக்கும்யா.”

“எந்தப் பக்கம்?”

“பின்பக்கம்.”

“என் ரூம் சன்னல் அந்தப் பக்கந்தான்” என்றார். “வெள்ளென முழிச்சுத்தான் கெடந்தேன். குளிருதேன்னு தெரைய ஒதுக்கல.”

கொதிக்கிற தால்ச்சாவில் ஒரு மாங்காய்த் துண்டு மேலே வந்து அமிழ்ந்தது.

“ஒரு சத்தம் குடுத்திருக்கலாம், பாய்.”

“குடுத்திருக்கலாம்யா.”

பெரியவர் தலையை ஆட்டினார். கோபித்துக்கொண்டு உள்ளே போய்விடுவார் என்று இஷாக் நினைத்தார். அவர் போகவில்லை.

“எப்படித்தான் இருந்துச்சு?”

ஷாஹினாவிடம் சொன்ன எதுவும் இப்போது வாயில் வரவில்லை. இஷாக் சுற்றிலும் பார்த்தார். பின்கட்டின் சுவருக்கு அப்பால், மேற்கே, திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை வெயிலில் வழுக்கையாகக் கிடந்தது. அவர் பெரியவரின் தோளைத் தொட்டு, லேசாக வலப்பக்கம் திருப்பினார். வீட்டில் தொழுகைக்கு நிற்கும் திசை.

“இப்பிடித்தான் நின்னேன்னு வச்சுக்குங்க. அதான் மேகம்.” பாறையைக் காட்டினார். “எல்லாரும் அதுக்குள்ளதான் தேடுனோம்.”

“சரி.”

“அங்க இல்லய்யா. அதுக்கு மேல.”

ஆவுடையப்பன் பார்வையைப் பாறையின் உச்சிக்கு உயர்த்தினார்.

“இங்கயா?”

“இன்னும் மேல.”

உள்ளே பிராங்க்ளின் மைக்கில் ஏப்ரல் பயணத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். சமையலுக்கு நம்ம பாய்தான் என்றான். கைதட்டினார்கள்.

“இம்புட்டு உயரத்துலயா?” பெரியவரின் கழுத்து நரம்பு தெரிய முகம் நிமிர்ந்தது. வாய் கொஞ்சம் திறந்துகொண்டது.

“இன்னுங் கொஞ்சம்யா.”

ஷாஹினா முந்தானையை நெற்றிக்கு மேல் பிடித்து வெயிலை மறைத்துக்கொண்டு, அவர்களுக்குப் பின்னால் நின்று, அந்த உயரத்துக்குத் தலையைத் தூக்கினாள்.