நெக்ஸ்ட் அமுக்காத இரண்டு பேர்

காலையிலிருந்து உலகமே சேர்ந்து ஏகாம்பரத்தை விரட்டிக்கொண்டிருந்தது.

மனுஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷினோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்றவர். முகப்பேர் ஹவுசிங் போர்டு குடியிருப்பில் முதல் மாடி வீடு. பொழுது போகவில்லை என்று டீக்கடையில் புலம்பப்போய், கூட வேலை செய்த தினகரன் அவர் போனில் ஓர் ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

"அண்ணாத்தே, இத்த அமுக்குனா உலகத்துல எவனோ ஒருத்தன் மூஞ்சி வரும். பேசிகினு இரு. புடிக்கலியா, நெக்ஸ்ட்டு அமுக்கு, அடுத்தவன் வருவான்."

எதிரில் இருப்பவன் கையிலும் அதே நெக்ஸ்ட் இருக்கிறது என்பதைத் தினகரன் சொல்லவில்லை.

முதலில் கம்மல் போட்ட ஒரு பையன் வந்தான். "வா நைனா, சாப்டியா?" என்று இவர் கேட்டு முடிப்பதற்குள் காணோம். அடுத்து ஒரு வெள்ளைக்காரப் பெண், இவரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மறைந்தாள். நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்த ஒருவன் வாயிலிருந்ததை முழுங்கக்கூட இல்லை, அமுக்கிவிட்டான்.

ஏகாம்பரம், வேண்டாதவன் வந்தாலும் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கிறவர். "போறேன்" என்று யாராவது சொன்னால் "போய்ட்டு வரேன்னு சொல்லுப்பா" என்று திருத்தி, வாசல்வரை வந்து அனுப்புகிறவர். இங்கே வருகிறவனும் சொல்வதில்லை, போகிறவனும் சொல்வதில்லை.

கோளாறு மூஞ்சியில்தானோ என்று சவரம் செய்தார், மீசைக்கு மை தடவினார், பவுடர் அப்பி, கல்யாணத்துக்குப் போடுகிற பட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இப்போது இன்னும் சீக்கிரமாகப் போனார்கள்.

"ஒரே ஒருத்தன்," என்று குலசாமியைக் கூப்பிட்டுச் சொன்னார். "ஒரே ஒருத்தன் என் மூஞ்சியப் பாத்து உக்காந்துட்டு, போய்ட்டு வரேன்னு சொல்லிட்டுப் போவட்டும். அப்பால இந்தச் சனியன அழிச்சிடறேன்."

குலசாமிக்கும் அன்று பொழுது போகவில்லை போலிருக்கிறது. அடுத்து வந்த மூஞ்சி வீராசாமியுடையது.

வீராசாமி இதே கட்டிடத்தில், இதே ஏகாம்பரத்துக்கு நேர் கீழே, தரைத்தளத்தில் குடியிருப்பவர். இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. ஏகாம்பரம் வீட்டு ஏசித் தண்ணீர் வீராசாமியின் ஸ்கூட்டர் சீட்டில் சொட்டிவிட்டது. அதைப் பார்க்காமல் உட்கார்ந்து மச்சினன் கல்யாணத்துக்குப் போன வீராசாமி, பின்பக்கம் ஈரத்தோடு மேடையேறி மொய் கவர் கொடுத்தார். மண்டபமே சிரித்தது. அதைக்கூட வீராசாமி மன்னித்திருப்பார். திரும்பி வந்து நியாயம் கேட்டபோது ஏகாம்பரமும் சிரித்தாரே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை. "உன் ஊட்டு வாசப்படிய இனிமே மிதிச்சா ஏன்னு கேளு" என்றார் வீராசாமி. "நீ கூப்டாலும் உன் ஊட்டுக்கு எவன் வரான்" என்றார் ஏகாம்பரம். மொத்தக் குடியிருப்பும் சாட்சி.

அப்பேர்ப்பட்ட வீராசாமி இப்போது பனியனோடு, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையில் வாயைப் பிளந்தார். அவர் விரல் மேலே போனது. ஏகாம்பரத்தின் விரலும் போனது. இரண்டும் அந்தரத்தில் நின்றன.

முதலில் அமுக்குகிறவன் பயந்தவன் அல்லவா? விரல்கள் மெதுவாகக் கீழே இறங்கின. ஏகாம்பரம் மீசையை முறுக்கினார். வீராசாமி பனியனை இழுத்துவிட்டுக்கொண்டார். பேச்சில்லை, மூச்சில்லை, முறைப்புதான். அப்படியே நேரம் போனது. காலையிலிருந்து தன் மூஞ்சியை இவ்வளவு நேரம் பார்த்தவன் இவன் ஒருத்தன்தான் என்று ஏகாம்பரத்துக்குத் தோன்றியது. அந்த நினைப்பு இதமாக இருந்தது. அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று இன்னும் கொஞ்சம் முறைத்தார்.

ஏகாம்பரத்தின் மனைவி மங்களம் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். "அட, வீராசாமி அண்ணன்! பொன்னியம்மா இன்னா பண்ணுது?"

பொம்பளைகள் அந்தச் சண்டையில் சேரவே இல்லை. வீராசாமியின் மனைவி பொன்னியம்மா அவர் தோளுக்குப் பின்னால் தலையை நீட்டினாள். "யக்கா, கருவாட்டுக் கொழம்பு வச்சேன், வந்து வாங்கிகினு போயேன்."

மங்களம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கிய சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவள் திரைக்குள் வந்தாள். சொந்தப் பெண்டாட்டி எதிராளியின் சோபாவில் உட்கார்ந்து காபி குடிப்பதை ஏகாம்பரம் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லாக்கீது காபி" என்று அவள் வேறு திரையைப் பார்த்துச் சொன்னாள். ஏகாம்பரம் எச்சில் விழுங்கினார்.

அப்போதுதான் பேட்டரி சிவப்பானது. சார்ஜர் பெட்ரூமில் இருந்தது. எழுந்தால் ஓடிவிட்டான் என்பான். ஏகாம்பரம் எழவில்லை. வீராசாமி என்ன நினைத்தாரோ, தொண்டையைச் செருமி, ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

போன் செத்துவிட்டது.

மங்களம் கிண்ணத்தோடு திரும்பி வந்தபோது அவர் சார்ஜரைச் சொருகிக்கொண்டு கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"அவரு இன்னா சொன்னாரு?"

"ஓடிட்டாம் பாருன்னாரு."

"நானா ஓடனேன்? சார்ஜு போச்சுடி!"

"அத்தப் போயி சொல்லிட்டு வா. கீழதான கீறாரு."

"அவன் வாசப்படிக்கு நானா? ஆப்புல புடிச்சி சொல்றேன்."

"கையில வெண்ணெய வச்சிகினு நெய்க்கு அலையறியே" என்று தலையில் அடித்துக்கொண்டு அவள் உலை வைக்கப் போனாள்.

ஏகாம்பரம் தேட ஆரம்பித்தார். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். பிரேசில்காரி போனாள், துருக்கிக்காரன் போனான், கிடார் வாசித்தவன் பாதிப் பாட்டில் போனான். இப்போது விரட்டுகிறவர் இவர்தான். ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் மட்டும் போகவில்லை. இவர் பட்டுச் சட்டையைப் பார்த்துக் கண் விரிந்து, கைகூப்பி "நமஸ்தே" என்றார். மடியிலிருந்த பூனையைத் தூக்கிக் காட்டி, அதன் காலாலும் கும்பிடு போடவைத்தார். நாற்காலியை வேறு கிட்டே இழுத்துப்போட்டுக்கொண்டார்.

காலையில் வேண்டிக்கொண்ட ஆள் இவர்தான். ஏகாம்பரத்துக்குப் பாவமாக இருந்தது. "தப்பா நெனச்சிக்காத தலைவா, ஒரு ஆளத் தேடிகினு கீறேன். போய்ட்டு வரேன்" என்று முறைப்படி சொல்லிவிட்டு அமுக்கினார்.

கீழேயிருந்து ஒரு குரல் கேட்டது. "நீ யார்ரா? போடா. நீ யாரும்மா? போம்மா." கொஞ்சம் கழித்து இன்னும் கோபமாக, "யோவ், நாய எடுத்துகினு அப்பால போய்யா!"

ஏகாம்பரத்தின் விரல் நின்றது. அப்புறம் முன்னைவிட வேகமாக அமுக்கியது.

சோறு வெந்து, குழம்பு ஆறி, மங்களம் இரண்டு முறை கூப்பிட்டும் ஆயிற்று. திடீரென்று தரைத்தள ஜன்னல் படாரென்று திறந்தது.

"யோவ் ஏகாம்பரம்! உலகம் பூரா சுத்திட்டேன், எங்கய்யா பூட்ட?"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வாயிலிருந்து தன் பேர். ஏகாம்பரம் பால்கனிக்கு ஓடி, பட்டுச் சட்டையோடு பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டார்.

"சார்ஜு போச்சுய்யா! சத்தியமா நான் கட் பண்ணல!"

வீராசாமி அண்ணாந்து பார்த்தார். மேலிருந்து ஏசித் தண்ணீர் ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தது. துடைத்துக்கொண்டார்.

"அத்த இங்க இன்னாத்துக்குக் கத்துற? லைனுக்கு வந்து சொல்லு!"

"தோ, வந்துட்டேன்!"

இரண்டு தலைகளும் அவசரமாக உள்ளே போயின.