பாக்கியவதி பேரில் ஒரு கணக்கு

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சிவகாசியில், ஒரு ஷேர் புரோக்கர் ஆபீஸில். 2007-ஆம் வருஷம். சந்தை ஏறிக்கொண்டே போனதால் நானும் கணக்குத் தொடங்கப் போயிருந்தேன். பாக்கியவதி சிஸ்டரை அங்கேதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் எழுதத் தொடங்கினேன்:

‘வெடிச்சத்தம் கேட்டு வளர்ந்த அந்தப் பெண்ணின் கண்களில்...’

வேண்டாம். அவர் வளர்ந்தது ஆலங்குளத்தில், சிமெண்டு ஆலைச் சங்கு கேட்டு. கண்களை நான் கவனிக்கவும் இல்லை. நேராகவே சொல்லிவிடுகிறேன்.

2

பாக்கியவதி மஸ்கட்டில் தீக்காய வார்டு நர்ஸாக இருந்தவர். ஊர் திரும்பி, சிவகாசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அதே வேலையைப் பார்த்தார். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் வெடிவிபத்து என்றால் அங்கேதான் கொண்டுவருவார்கள். சாதாரணக் கட்டுத்துணி புண்ணில் ஒட்டிக்கொள்ளும்; பிரிக்கும்போது தோலும் கூடவே வரும். மஸ்கட்டில் ஒட்டாத துணி ஒன்று இருந்தது. அதைச் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனியில் பங்கு வாங்க வேண்டும் என்பது அவர் ஆசை. கூடவே நம் நாட்டுப் பங்கும் கொஞ்சம்.

(அவருடைய தம்பி சாம்சுந்தர், பள்ளிக்கூட வாத்தியார், விருதுநகர் ரோட்டில் மனை வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கதையிலிருந்து அவரை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அக்காவை மொபெட்டில் கூட்டிவந்தவரே அவர்தான். இருக்கட்டும்.)

3

புரோக்கர் சங்கரபாண்டியன் உள்ளூர்ப் பங்குக்கு அன்றைக்கே கணக்குத் தொடங்கிக் கொடுத்தார். வெளிநாட்டுப் பங்குக்கு இரண்டு வழி சொன்னார். ஒன்று, சென்னையில் ஒரு நிறுவனம். பேங்க் வழியாகப் பணம் அனுப்ப வேண்டும், காகிதம் நிறைய, கமிஷனும் அதிகம். இன்னொன்று, சிங்கப்பூரில் அவருக்குத் தெரிந்த ஒருவர் தன் கணக்கிலேயே வாங்கிவைப்பார். செலவு குறைவு, அலைச்சலும் இல்லை. அந்த ஆபீஸுக்கு வருகிறவர்களில் பலர் அப்படித்தான் செய்திருந்தார்கள்.

“யார் பேர்ல இருந்தா என்ன சிஸ்டர், லாபம் ஒங்களுக்குத்தான?” என்றார்.

என் முதல் வரைவில் இந்த இடத்தில் பாக்கியவதி ஒரு பக்கத்துக்குப் பேசினார். பெண்ணுரிமை, உழைப்பு, எல்லாம். அடித்துவிட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்:

“அண்ணாச்சி, லாபம் வரும், வராமப் போகும். பங்கு ஏம் பேர்ல இருக்கட்டும். அந்தக் கம்பெனிக்காரககிட்ட நான் ஒண்ணு கேக்கணும்.”

தம்பி மொபெட்டை எடுக்க எழுந்தார்.

4

சென்னைக் கணக்கு திறக்க அவர் பட்ட பாட்டை எழுதினால் கதை பேங்க் வரிசையிலேயே நின்றுவிடும். இரவு ட்யூட்டி முடித்து, தூங்காமல் போய் நின்றார். ஒவ்வொரு தடவையும் ஒரு காகிதம் குறைந்தது. கடைசியில் கணக்கு வந்தது.

மறுவருஷம் உலகமெங்கும் சந்தை விழுந்தது. பாக்கியவதியின் பங்குகளும் சரிந்தன. ஆனால் அவர் பேரில் இருந்தன. சிங்கப்பூர்க்காரரின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சங்கரபாண்டியனின் சொந்தப் பணமும் அதில் போனது. இப்போது கணக்குத் தொடங்க வருகிறவர்களை உட்காரவைத்து, சிஸ்டர் எடுத்த வழியைத்தான் முதலில் சொல்கிறார்.

5

சந்தை படுத்துக் கிடந்த அந்த நாட்களில்தான் அவர் பிரவுசிங் சென்டருக்குப் போய்க் கம்பெனிக்கு எழுதினார். இங்கிலீஷைத் திருத்தத் தம்பியிடம் கொடுத்தார். சாம்சுந்தர் ஓர் எழுத்தையும் தொடவில்லை. பிரிண்ட் எடுத்து ஸ்டாஃப் ரூம் முழுக்கக் காட்டினார். எனக்கும் காட்டினார். படித்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் ஊர்க்காரர் எழுதியது. தமிழில் சொன்னால்:

‘நான் உங்கள் கம்பெனியின் பங்குதாரர்களில் ஒருத்தி. சிவகாசியில் நர்ஸ். உங்கள் துணி எங்கள் ஆட்கள் வாங்கக்கூடிய விலையில் ஏன் இல்லை?’

பதில் வந்ததா? ஒரு வரைவில் பெட்டி பெட்டியாகத் துணி வந்து இறங்கியது. இன்னொன்றில் நன்றி தெரிவித்து இரண்டு வரி வந்தது. இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

அவர் கேட்டாயிற்று. அந்தக் கம்பெனி நாற்காலியில் இப்போது நீங்கள் உட்காருங்கள். கடிதம் உங்கள் மேஜையில் இருக்கிறது. பங்கு வைத்திருக்கிற வகையில், கேட்பவர் உங்கள் முதலாளிகளில் ஒருவர் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.