சிவனம்மாளைக் கேட்டு எழுதியது

1

இந்தக் கதை என் மனைவி நர்கீஸ் வழியாக என்னிடம் வந்தது. பித்தப்பைக் கல்லுக்காக அவள் திண்டுக்கல்லில் ஓர் ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் நடந்தது. டாக்டர் வருகிற நேரத்தில் ஆண்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆகவே நான் எதையும் பார்க்கவில்லை. பார்க்காததை எழுத எனக்குக் கூச்சம் கிடையாது. இந்த முறை வந்தது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"சிவனம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். இடுப்புக்குக் கீழே அவளுக்கு வந்திருந்த"

அங்கேயே நிறுத்தினேன். 'அவளுக்கு' என்பதை 'அவருக்கு' என்று திருத்தினேன். நேரில் அக்கா என்று கூப்பிடுகிறவரைக் காகிதத்தில் மட்டும் எதற்கு இறக்க வேண்டும்? பிறகு வாக்கியத்தையே விட்டுவிட்டேன். எழுதலாமா என்று நான் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "நோவு பேரப் போடாதீங்க தம்பி. என் பேரப் போடுங்க."

போட்டாயிற்று. சிவனம்மாள். குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரியில் சோளம் விதைக்கிறவர்.

3

மறுநாள் அவருக்கு ஆபரேஷன். முந்தின நாள் காலையில் பெரிய டாக்டர் மாணவர்களோடு வந்தார். ஆணும் பெண்ணுமாக ஏழெட்டுப் பேர். கட்டிலைச் சுற்றி மறைப்பு கிடையாது. (மறைப்புத் தட்டி ஒன்று இருந்தது; சக்கரம் உடைந்து மூலையில் நின்றது.) டாக்டர் மாணவர்களிடம் பேசிக்கொண்டே போர்வையை விலக்கி, சேலையை மேலே ஏற்றினார். சிவனம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை.

சிவனம்மாள் போர்வையை வெடுக்கென்று இழுத்து மூடிக்கொண்டார்.

"சார், நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஏம்மா, வைத்தியம் பாக்கணுமா வேணாமா?"

"நீங்க பாருங்க, வேணாங்கல. இம்புட்டுப் பேருக்குக் காட்டுறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

வார்டே அமைதியானது. (நர்கீஸ்: "அமைதியெல்லாம் ஆகலைங்க. ஃபேன் கடகடன்னு ஓடிக்கிட்டிருந்துச்சு. ஒரு அம்மா இருமிக்கிட்டிருந்தாங்க." திருத்தம்: யாரும் பேசவில்லை.)

டாக்டர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்துவிட்டார்.

4

விஷயத்தைக் கேட்டு மகன் மதியழகன் பதறிப்போனான்.

"ஏம்மா, நாளைக்கு உன்னைய அறுக்கப்போற ஆளுகிட்டயா எதுத்துப் பேசுவ? ஆபரேஷன் இல்லைன்னுட்டா எங்க போறது?"

'போனால் போகிறது' என்று அவர் சொல்லியிருந்தால் கதைக்கு நன்றாக இருந்திருக்கும். சொல்லவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். நர்கீஸ் எழுந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தப்பாப் பேசிட்டனா தாயி?"

"இல்லக்கா. எனக்கும் இதேதான் நடந்துச்சு. நான் கண்ண மூடிக்கிட்டேன்."

[இதை நர்கீஸ் என்னிடம் அதுவரை சொன்னதில்லை. கதை கேட்கும்போதுதான் தெரிந்தது. இதைப் பற்றி எழுத இன்னும் அவளிடம்]

கேட்டுவிட்டேன். இவ்வளவு போதும் என்றாள்.

5

மதியம் பவித்ரா என்ற மாணவி தனியாக வந்தார். உடைந்த தட்டியை இழுத்து வந்து நிறுத்தினார்.

"அம்மா, படிக்கிறதுக்காக நான் செத்த பாக்கலாமா?"

"வேணாம்."

"சரிம்மா."

தட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்து சிவனம்மாள் நர்கீஸிடம் சொன்னார்: "ஒப்புக்குக் கேக்குதான்னு பாத்தேன். நெசமாத்தான் கேட்டிருக்கு அந்தப் புள்ள."

மாலையில் சிவனம்மாளே பவித்ராவைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னதாக ஒரு பத்தி எழுதினேன். அடித்துவிட்டேன். அவர் கூப்பிடவில்லை.

6

ஆபரேஷன் சொன்னபடி நடந்தது. அதே டாக்டர்தான் செய்தார், நன்றாகவே செய்தார். அவரைக் கெட்டவராக்க முயன்று பார்த்தேன், வரவில்லை. நர்கீஸைக் குணமாக்கியதும் அவர் கைதான். வீட்டுக்கு அனுப்பும்வரை அவர் அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அவர் மன்னிப்புக் கேட்பதாக ஒரு முடிவு எழுதிக்கொண்டு சிவனம்மாள் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன்.

"அவரு அப்பிடிச் சொல்லலையே தம்பி."

"கதைக்காகத்தான்க்கா."

"சொல்லாத ஆளுக்கு எதுக்கு நல்ல பேரு வாங்கித் தாரீங்க?"

சிவனம்மாள் புகார் கொடுக்க, டாக்டரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவதாக இன்னொரு முடிவும் வைத்திருந்தேன்.

"அந்த மனுசன் போயிட்டா என்னைய யாரு பாக்குறது? இருக்கட்டும். இருந்து கேட்டுப் பழகட்டும்."

7

அடுத்த வாரம் தையலைக் காட்ட அவர் திரும்பவும் போகிறார். அதே டாக்டர், அநேகமாக அதே மாணவர்கள்.

"இந்த வாட்டி கேட்டா என்னக்கா சொல்வீங்க?"

"மொதல்ல கேக்கட்டும். சரிங்கிறதா வேணாங்கிறதான்னு அப்பப் பாத்துக்கிறேன்."

ஆக, இந்தக் கதையில் இரண்டு வரிகள் பாக்கி இருக்கின்றன. கட்டிலருகே வந்து நின்றதும் டாக்டர் சொல்ல வேண்டிய வரியை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். நீங்களே டாக்டராகவோ, டாக்டருக்குப் படிப்பவராகவோ இருந்தால் இன்னும் நல்லது.

அதற்கு சிவனம்மாள் சொல்லப்போகும் பதிலை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள்.