தண்டவாளத்தோரம் ஒரு பாட்டு கிளப்

எனக்கும் என் வீட்டுக்காரர் அருள்குமாருக்கும் சண்டை எதுவும் இல்லை. ஆனாலும் ஏழு மாதமாக அவர் என்னோடு வாட்ஸ்அப்பில்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில் நிற்பேன், அவர் கூடத்தில் உட்கார்ந்திருப்பார், நடுவில் ஒரே ஒரு சுவர். ‘காபி’ என்று போனில் வந்து விழும். கொஞ்ச நேரம் கழித்து ‘சர்க்கரை கம்மி’ என்று இன்னொன்று வரும். கூப்பிடு தூரத்தில் இருக்கிற பெண்டாட்டிக்கு டைப் அடிக்கிற மனுஷனை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நான் தினமும் பார்த்தேன்.

அவர் பஸ் கண்டக்டர். கடத்தூர் வழி டவுன் பஸ்ஸில் பதினாறு வருஷம் விசில் ஊதாமலே வண்டியை நிறுத்திய தொண்டை அது. லீவு நாளில் மாரியம்மன் பண்டிகை மேடைகளில் ஆர்கெஸ்ட்ராவோடு பாடப் போவார். தைராய்டு கட்டிக்கு ஆபரேஷன் செய்ததில் கட்டி போனது, கூடவே குரலும் போனது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. அழுத்திப் பேசினால் கீச்சென்று உடைந்தது. சிலருக்கு அப்படி ஆகும், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். “தினமும் வாய்விட்டுப் பேசுங்க, பாடுங்க. ஒரு வருஷத்துக்குள்ள வந்தா வந்ததுதான். வாய மூடிக்கிட்டு இருந்துட்டீங்கன்னா இப்படியே நின்னுடும்.”

டூட்டிக்குத் திரும்பிய முதல் நாள் பஸ்ஸில் ஸ்டாப்பிங் பெயரைக் கத்தியிருக்கிறார். கீச்சென்றிருக்கிறது. பின் சீட்டில் எவனோ அதேபோலக் கீச்சென்று கத்திக் காட்ட, பஸ்ஸே சிரித்ததாம். மறுநாளே டெப்போவில் எழுத்து வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மூடிய வாய்தான். கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன், ஒரு நாள் தட்டைத் தூக்கி எறிந்தும் பார்த்தேன். தட்டுதான் நசுங்கியது.

நான் மொரப்பூர் ஸ்டேஷன் ரோட்டில் பிளவுஸ் தைக்கிறவள். அளவு கொடுக்க வந்த நர்ஸ் சுசித்ராதான் பேச்சுவாக்கில் ஆரம்பித்து வைத்தாள். அவள் போனில் பாட்டுப் பாடிப் பதிவு செய்கிறவள். மாமியாருக்குப் பாட்டு ஆகாது என்பதால் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுவாளாம்.

“வூட்ல வேர்த்து ஊத்துதுக்கா. இந்த ஊர்ல வாய்விட்டுப் பாட ஒரு எடம் இருந்தா நான் சந்தா கட்டிக்கூட வருவேன்.”

என் கால் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டது. பெரிய ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை கூடி, டிவியில் வரிகளைப் பார்த்து இசையோடு பாடுகிற கிளப்புகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே ஒன்று ஆரம்பித்தால் என்ன? சுசித்ராவுக்கு இடம் கிடைக்கும். அந்தச் சாக்கில் என் வீட்டு ஊமையைக் கொண்டுபோய்ப் பாட்டுக்கு நடுவில் உட்கார வைக்கலாம். அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

கையில் இருந்தது ஒரு சின்னச் சீட்டுப் பணம். இரண்டு நல்ல மைக் வாங்கியதும் பை காலி. மற்றதெல்லாம் மனிதர்கள் கொடுத்தது.

உரக்கடை காளியப்ப மாமா தன் கடைக்கு மேல் சும்மா கிடந்த அறையைக் கொடுத்தார். “ஏம்மா மேகலா, பூச்சிமருந்து நாத்தம் அடிக்குமே, பரவால்லியா?” என்றார்.

“அடிச்சா அடிச்சுட்டுப் போவுது மாமா.”

“அப்ப சாவிய எடுத்துக்க. கரண்டு பில்ல மட்டும் நீ கட்டிக்க.”

கடத்தூரில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்த சவுரியப்பன் அண்ணன் இரண்டு ஸ்பீக்கர் பெட்டியை மொபெட்டில் கட்டி, ஒவ்வொன்றாக இரண்டு நடை கொண்டுவந்து இறக்கினார். வாடகை எவ்வளவு என்று கேட்டதற்குக் கோபம் வந்துவிட்டது அவருக்கு. “சும்மா கெடந்தா எலி கடிக்கப் போவுது. நாலு பேர் பாடற எடத்துல இருக்கட்டும்மா” என்றவர், தானே முதல் உறுப்பினராகவும் சேர்ந்துகொண்டார். டிவி எங்கள் வீட்டு டிவி. முட்டைக் கடையில் கேட்டு வாங்கிய அட்டைகளைச் சுவரெல்லாம் ஒட்டினேன், சத்தம் வெளியே போகாதாம். தைத்து மிஞ்சிய பிளவுஸ் துண்டுகளைச் சாக்கில் அடைத்துக் கதவுக்குப் பின்னால் தொங்கவிட்டேன். பெயர்ப்பலகை, யாரோ கல்யாணத்துக்கு வைத்த பிளெக்ஸின் பின்பக்கம். வெயில் அடித்தால் ‘மொரப்பூர் பாட்டு கிளப்’ என்ற எழுத்துக்கு நடுவில் மாப்பிள்ளை பல்லைக் காட்டுவார்.

முதல் ஞாயிறு மூன்று மணிக்குப் பதினோரு பேர் வந்தார்கள். நாலு பேர்கூட வரமாட்டார்கள் என்று நினைத்திருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. சவுரியப்பன் அண்ணன் முதல் பாட்டு. பல்லவி முடிந்து சரணம் எடுக்கப் போனவர் சட்டென்று மைக்கை இறக்கிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். அக்கம்பக்கத்து ஊர்களில் இருந்து வந்தவர்களும் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சுவரில் இருந்து முட்டை அட்டை இரண்டு பொத்தென்று விழுந்தபோதுதான் ஜன்னல் ஆடுவதையே பார்த்தேன்.

“ஏம்மா, தண்டவாளம் ஜன்னலுக்குக் கீழயே இருக்குதே, பாக்கலியா?” என்றார் அண்ணன், வண்டி போன பிறகு.

பார்க்காமல் என்ன? பிறந்ததில் இருந்து பார்க்கிறேன். அதுதான் வினை. இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு ரயில் சத்தம் காதில் ஏறாது. நாள் பூராவும் போகிற வண்டியை எவன் கேட்டுக்கொண்டிருப்பான்? அந்த அறையில் பத்து நாள் பசை தடவியிருக்கிறேன், ஒரு வண்டியும் எனக்குக் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் வெளியூர், மாரண்டஹள்ளியில் தண்டவாளத்துக்குத் தூரத்தில் வளர்ந்தவர். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் வண்டிச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறவர். அன்று போனைத் திறந்தால், நான் சாவி வாங்கிய நாளிலேயே அவர் அனுப்பிய செய்தி படிக்காமல் கிடக்கிறது. ‘ரயில்?’ அவ்வளவுதான். வாயைத் திறந்து சொல்லித் தொலைத்திருக்கலாம்!

இழுத்து மூடிவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். சுசித்ராதான் விடவில்லை. “இந்த ரயிலையே பொறுத்துக்கிற ஊரு அக்கா. நம்ம சத்தத்துக்கா சண்டைக்கு வரப்போறாங்க?” என்றாள். கைதட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்காக அவளுக்கு அடுத்த பிளவுஸைச் சும்மா தைத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. ரயில் வந்தால் பாட்டை நிறுத்துவது, போனதும் விட்ட இடத்தில் இருந்து தொடர்வது. நிறுத்துகிற வேலையை அவரிடம் கொடுத்தேன். பேச வேண்டாத வேலை, ஒத்துக்கொண்டார். ஜன்னலோரம் ஸ்பீக்கருக்குப் பின்னால் உட்கார்ந்து, ஹாரன் கேட்டதும் பட்டனை அமுக்குவார். மற்றவர்கள் அந்த இடைவெளியில் தண்ணீர் குடிப்பார்கள், கத்திக் கத்திக் கதை பேசுவார்கள்.

நாலாவது வாரம், விழுந்த முட்டை அட்டையை எடுக்க ஸ்பீக்கருக்குப் பின்னால் போனேன். கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, தாடை அசைந்தது. மற்றவர்கள் போட்ட கூச்சலில் எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஆனால் அவர் பாடிக்கொண்டிருந்தார். பாட்டு நின்ற இடத்தில் இருந்து, ரயிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, அவர் மட்டும் பாடிக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டி போனதும் வாயை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினார்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. எட்டு மாதம் கழித்து வாயைத் திறந்திருக்கிறாயே மகராசா என்று கத்தலாம் போலிருந்தது. என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை. ஆனாலும் அன்று அதைக் கட்டிப்போட்டேன், யாரிடமும் மூச்சு விடவில்லை.

அன்றில் இருந்து எனக்கு ரயில் காதில் விழ ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெட்டி எண்ணினேன். எக்ஸ்பிரஸ் என்றால் ஒரு பல்லவி. ஐம்பது அறுபது பெட்டி வைத்த கூட்ஸ் என்றால் சரணமும் சேரும். நீளமான வண்டி போகும்போதெல்லாம் அதை ஓட்டுகிறவர் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். மூன்று மாதம் இப்படிப் போனது. டாக்டர் சொன்ன வருஷம் முடியச் சில வாரங்களே இருந்தன.

அந்த ஞாயிறும் ஹாரன் கேட்டது. அவர் பட்டனை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடினார். நான் எண்ணத் தயாரானேன். வந்தது வெறும் இன்ஜின். பின்னால் ஒரு பெட்டிகூட இல்லை. தடதடவென்று ஒரு நொடியில் போயேவிட்டது. அறையில் யாரும் கதையே ஆரம்பித்திருக்கவில்லை. அந்த அமைதிக்கு நடுவில் அவர் குரல் மட்டும் தனியாக நின்றது.

கரகரத்த குரல். பாதி காற்று, பாதி பாட்டு. முழுசாக ஒரு வரி பாடிய பிறகுதான் அவருக்கே கேட்டது. கண்ணைத் திறந்தார். பதினோரு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் செத்துப்போய்விட்டது அவருக்கு. எழுந்து செருப்பைத் தேடினார். அந்தப் படியில் அவர் இன்றைக்கு இறங்கினால் திரும்ப ஏறமாட்டார் என்று எனக்குத் தெரியும். என்ன சொல்லி நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

“ஏன் மாப்ள நிறுத்திட்டீங்க? மத்த வாரமெல்லாம் முழுசாப் பாடுவீங்களே?”

ஜன்னலுக்கு வெளியே மாடி வராந்தாவில் இருந்து காளியப்ப மாமாவின் குரல். ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்பதால் காற்றாட அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்.

என் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். “கேட்டுச்சா மாமா?” காற்றுதான் வந்தது, ஆனால் வந்தது.

“பக்கத்துலயே உக்காந்திருக்கேன், கேக்காம?”

“ரயிலு போவுமே...”

“அது பாட்டுக்குப் போவுது. அறுவது வருசமா போவுது. அதையா கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்? உள்ளதச் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. மொத வாரம் சகிக்கல. எந்திரிச்சுக் கீழ போயிட்டேன். அப்பறம் கொஞ்சம் கொஞ்சமாத் தேறுச்சு. இப்ப மூணு வாரமா நாற்காலிய இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கிட்டுத்தான் கேக்கறேன்.”

காளியப்ப மாமாவுக்கு முகஸ்துதி வராது. உரம் வாங்க வருகிறவனிடமே இது உன் நிலத்துக்கு வேண்டாம், போ என்று திருப்பி அனுப்புகிறவர். அது என் வீட்டுக்காரருக்கும் தெரியும். செருப்பில் ஒரு காலை மாட்டியபடி அப்படியே நின்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டேன். மாமா எதற்கென்று புரியாமல், “என்னாம்மா, டீ சொல்லணுமா?” என்றார்.

சவுரியப்பன் அண்ணன் தன் கையில் இருந்த மைக்கை நீட்டினார். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாங்கிக்கொண்டார்.

“மேகலா, மொதல்லருந்து போடு.”

அவசரத்தில் எனக்குப் பட்டன் இரண்டு தரம் தப்பிப் போனது. மூன்றாவது தரம் இசை வந்தது. பல்லவியை மெதுவாகத் தாண்டினார். மேலே ஏறுகிற இடத்தில் குரல் கீச்சென்று உடைந்தது. யாரும் சிரிக்கவில்லை. அவர் நிறுத்தவும் இல்லை.